பாயம்மா ஜெயித்த ஆட்டங்கள்

"கையா இது, கட்டையா? தளர விடும்மா. உன் கையைக் கழட்டி நான் என்ன அலமாரியில வெச்சுக்கவா போறேன்?"

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த புதுப்பெண்ணுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அஜ்மத் பேகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெண்ணின் கையை இழுத்துத் தன் முழங்கால் மேல் வைத்து, கட்டைவிரல் மூட்டை உள்ளங்கைப் பக்கம் மடக்கி அமுக்கி, பச்சைக் கண்ணாடி வளையலை நகர்த்திக்கொண்டிருந்தாள். "சைஸ் என்ன சொன்னே? ரெண்டே முக்காலா? பொய்யி. இது ரெண்டரைக் கை. லூசா போட்டுக்கிட்டுப் போயி, தண்ணி சேந்தறப்ப கெணத்துல வுழுந்துச்சுன்னு என்கிட்ட வந்து அழுவியா?" பெண்ணின் மாமியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "நீங்க சும்மா இருங்க. வளையல் உங்களுக்கா, அவளுக்கா?" மாமியார் வாயை மூடிக்கொண்டாள். வளையல் சறுக்கிக்கொண்டு மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது.

தேரடித் தெருவில் வளையல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. 'வாங்கக்கா, உக்காருங்கக்கா' என்று பல்லைக் காட்டிக் கூப்பிடுகிற கடைகளும் இருக்கின்றன. ஆனாலும் கார்த்திகை வந்தால் இந்தத் திட்டுக் கடை வாசலில்தான் பெண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஊர் பாயம்மா என்று கூப்பிடுகிற பேகம் ஏற்றுகிற வளையல் உடைவதில்லை, தோலைக் கீறுவதில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் ஊரார் கைகளைப் பிடித்துப் பிடித்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வாய் என்ன சொன்னாலும் சரி, கை இறுகுவதும் தளர்வதும் அவள் விரல்களுக்குத் தெரிந்துவிடும். புருஷன் எடுத்துக் கொடுத்த நிறம் பிடிக்கவில்லை, ஆனால் சொல்ல பயம். வலிக்கிறது, ஆனால் வெட்கம். எல்லாம் மணிக்கட்டிலேயே தெரியும். தெரிந்ததும் அதற்கும் ஒரு திட்டு விழும்.

வயது நாற்பத்தெட்டு. குள்ளமான உருவம், கணீரென்ற தொண்டை. டீக்காரப் பையன் கிளாஸில் நுரையை மட்டும் கொண்டுவந்தால் கோபம். வளையல் பெட்டியை லாரிக்காரன் தொப்பென்று இறக்கினால் கோபம். கடை வாசலை மறைத்துச் சைக்கிளை நிறுத்துகிறவன் கோயிலுக்கு வந்தானா சந்தைக்கு வந்தானா என்று தெரு முனை வரை கேட்கும்.

அவளுடைய கோபத்தை ஊர் எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? "சரி பாயம்மா." அவ்வளவுதான். டீக்காரன் சரி பாயம்மா என்கிறான். டீயில் நுரை குறைவதில்லை. லாரிக்காரன் சரி பாயம்மா என்கிறான். அடுத்த பெட்டியும் தொப்பென்றுதான் இறங்குகிறது. இதை மரியாதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது மரியாதையே இல்லை. குரைக்கிற நாயைச் சுற்றிக்கொண்டு போகிறோமே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு மனுஷி வயிறெரிந்து கத்துகிறாள் என்றால் அவள் சொல்வது நியாயமா இல்லையா என்று ஒருத்தராவது நின்று பதில் பேச வேண்டாமா? பேகத்தை அப்படி எதிர்த்துப் பேசின ஆள் ஊரில் இல்லை. வீட்டிலும் இல்லை. கணவர் மக்பூல் கடையின் இன்னொரு கோடியில் ரிப்பன், குங்குமம், ஹேர்பின் விற்கிறார். எதற்கும் தலையாட்டுவார். பஞ்சு மூட்டையைக் குத்துகிற மாதிரி, அவரோடு சண்டை போட்டால் பேகத்துக்குத்தான் கை வலிக்கும்.

மத்தியானம் கோயில் நடை சாத்தினால் தேரடித் தெரு தூங்கிப்போகும். சாயங்காலம் திறக்கும் வரை ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில் பேகத்தின் கடைக்குப் பின்னால் இருக்கிற சரக்கு அறையில் நாலு பெண்கள் சீட்டாடுகிறார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம் தொடங்கிய பழக்கம் இது.

சீட்டைக் கொண்டுவந்தவள் ஜோதியம்மாள். ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் பெண்சாதி. ஜோலார்பேட்டை குவார்ட்டர்ஸில் இருந்தபோது பக்கத்து வீட்டு மலையாளத்துப் பெண்களிடம் இருபத்தெட்டு என்கிற ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தவள். இங்கே மாற்றலாகி வந்ததும் விளையாட ஆள் தேடினாள். கோபுர வாசலில் பூ விற்கிற தங்கம்மாள் சிக்கினாள். நடை சாத்தினால் பூவுக்கும் வேலையில்லை. ரவிக்கை தைக்கிற கஸ்தூரி சிக்கினாள். அவளுக்கு வேலை இருந்தது, ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு நொந்துபோயிருந்தது. நாலாவது ஆள் வேண்டும், உட்கார இடமும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பேகத்தைக் கேட்டார்கள்.

"சீட்டா? ஆம்பளைங்க குட்டிச்செவுரா போறதுக்குன்னு கண்டுபிடிச்சது. எனக்கெதுக்கு?" என்றாள் பேகம். கேட்டுவிட்டு அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

ஆட்டம் எளிதில்லை. எதிரெதிரே உட்கார்கிற இரண்டு பேர் ஒரு கட்சி. பேகமும் ஜோதியம்மாளும் ஒரு பக்கம், தங்கம்மாளும் கஸ்தூரியும் இன்னொரு பக்கம். முதல் நாலு சீட்டைப் பார்த்துவிட்டு இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கேட்க வேண்டும். கூடக் கேட்டவள் துருப்பு எந்த ஜாதி என்று ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பாள். கேட்டதை எடுத்தால் ஜெயம், எடுக்காவிட்டால் தோல்வி. இதில் ஜாக்கிக்கு, அதாவது வேலைக்காரன் சீட்டுக்குத்தான், உச்ச மதிப்பு: மூன்று புள்ளி. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமே கிடையாது. இதைக் கேட்டதுமே பேகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேலைக்காரனுக்கு மூணு, ராஜாவுக்கு முட்டையா? எந்த ஊரு நியாயம் இது?"

"இந்த ஆட்டத்து நியாயம்" என்றாள் ஜோதியம்மாள்.

"அப்ப ராஜா எதுக்குக் கிரீடம் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்? தூக்கி வெளிய போடு."

ஆனாலும் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட அழகை என்னவென்று சொல்வது! சீட்டைத் திட்டுவாள். குலுக்கினவளைத் திட்டுவாள். ஜோடியான ஜோதியம்மாளை, "வாயில என்ன வெத்தலையா? கண்ணாலயாவது ஒரு ஜாடை காட்டக் கூடாதா?" என்பாள். ஜாடை காட்டினால் அது ஆட்டமே இல்லை என்று ஜோதியம்மாள் சொன்னால், "அப்ப ஜோடின்னு எதுக்குப் பேரு?" என்று அதற்கும் பாய்வாள். யாராவது கடையிலிருந்து கூப்பிட்டால் சீட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் பெட்டியை வைத்துவிட்டுப் போவாள். இவர்கள் எட்டிப்பார்த்துவிடுவார்களாம்!

விளையாடத் தொடங்கிய மாசமே அது நடந்தது. தங்கம்மாளும் கஸ்தூரியும் சேர்ந்து ஒரு ஆட்டத்தில் எட்டுப் பிடியையும், ஒரு சுற்று விடாமல், வாரிக்கொண்டு போனார்கள். பேகத்துக்கு ஒன்று கூட இல்லை. கஸ்தூரி கைகொட்டிச் சிரித்தாள். பேகத்தின் கை பக்கத்திலிருந்த வளையல் தட்டில் பட்டதா, வேண்டுமென்றே தள்ளினாளா என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம். இரண்டு தட்டுக் கண்ணாடி வளையல் தரையில் கொட்டி நொறுங்கியது. அன்று பூட்டிய சரக்கு அறை ஒரு வாரம் திறக்கவில்லை.

பேகத்துக்குத் தெரியாத ஒன்றை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அந்த வாரத்தில் மற்ற மூவரும் தங்கம்மாளின் பூக்கூடை பக்கத்தில் கூடிப் பேசினார்கள். "பாவம், தோத்தா தாங்க மாட்டேங்குது. இடமும் அதோடது. ஜெயிச்சுட்டுப் போவட்டுமே, நமக்கு என்ன போச்சு?" என்றாள் தங்கம்மாள். கஸ்தூரி சரி என்றாள். ஜோதியம்மாள் முகத்தைச் சுளித்தாள். ஆனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. அதுவும் சரி என்று சொன்ன மாதிரிதான்.

அதற்கப்புறம் பேகம் ஜெயிக்க ஆரம்பித்தாள். முதலில் ஒன்றிரண்டு, பிறகு தினமும். பதினாறு கேட்டாலும் வந்தது, இருபது கேட்டாலும் வந்தது. அவள் நடையே மாறிப்போயிற்று. வாடிக்கைப் பெண்ணைத் திட்டும்போது நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. ராத்திரி சோறு போடும்போது, "இன்னைக்கும் நான்தான்" என்று மக்பூலிடம் சொல்லிக்கொள்வாள். சந்தோஷம் ஜெயிப்பதில் மட்டும் இல்லை. "அந்த மூணு பேரும் எனக்குப் பயப்படறதில்லே. மூஞ்சிக்கு நேரா மோதறாங்க. மோதி, நான் ஜெயிக்கறேன்" என்று ஒரு நாள் சொன்னாள். மக்பூல் தலையாட்டினார்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. இதற்கிடையில் ஜோதியம்மாள் அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். எப்போது கேட்பது, எப்போது பாஸ் சொல்வது, ஜோடி இறக்கின சீட்டை எப்படிப் புரிந்துகொள்வது. பேகம் அது வரை தன் கையில் இருக்கிற சீட்டை மட்டும்தான் பார்ப்பாள். மற்றவர்கள் என்ன போட்டார்கள் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு நாள் ஜோதியம்மாள் சொன்னாள்: "எறங்கின துருப்பை மனசுல வெச்சுக்க பாயம்மா. ஒரு ஜாதிக்கு எட்டு. எது எது வுழுந்துதுன்னு தெரிஞ்சா எது எது வுழலைன்னு தெரியும்ல?"

பேகத்துக்கு இது பிடித்துப்போயிற்று. எந்தக் கலர் எந்தப் பெட்டியில் எவ்வளவு மிச்சம் என்று மனசிலேயே வைத்திருக்கிறவளுக்கு எட்டுச் சீட்டு என்ன பெரிசு? கூடிய சீக்கிரம் அவள் கண் தன் கையை விட்டு நடுவில் விழுகிற சீட்டுக்குப் போக ஆரம்பித்தது. அப்புறம் போடுகிறவர்களின் கைக்கும் போயிற்று.

எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசி மாசம். வெளியே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. பேகம் பத்தொன்பது கேட்டிருந்தாள். இஸ்பேடு துருப்பு, கவிழ்த்து வைத்த சீட்டைத் திறந்து வெகுநேரம் ஆகிவிட்டது. ஆளுக்கு மூன்று சீட்டு மிச்சம். இந்தப் பிடி வந்தால் ஜெயம். பேகம் ஆட்டின் ஆஸை இறக்கினாள். அடுத்தது தங்கம்மாள் முறை. அவளிடம் ஆட்டின் கிடையாது. அவள் கட்டைவிரல் ஒரு சீட்டைப் பாதி உருவி, சட்டென்று உள்ளே தள்ளியது. பிறகு உதவாத ஒரு கிளாவர் ஏழைப் போட்டாள்.

பேகம் அதைப் பார்த்தாள். இஸ்பேடில் ஏழு சீட்டு விழுந்திருந்தது. எட்டாம் நம்பர் மட்டும் விழவில்லை. தன்னிடமும் இல்லை.

கையை நீட்டித் தங்கம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் போடப் பிடிக்கிற அதே பிடி. மணிக்கட்டு கல்லாக இறுகியிருந்தது.

"தங்கம். உன்கிட்ட துருப்பு இருக்குதா?"

"இல்லியே பாயம்மா."

கை இன்னும் இறுகியது. பேகம் அவள் விரல்களைப் பிரித்தாள். இஸ்பேடு எட்டு கீழே விழுந்தது.

"இதைப் போட்டு வெட்டியிருந்தா நான் தோத்திருப்பேன்."

"கவனிக்கலை பாயம்மா. கண்ணு மங்கலா…"

"சீ! வாயை மூடு. கவனிக்காமத்தான் பாதி உருவினியா? எத்தினி நாளா நடக்குது இது?"

கஸ்தூரிதான் முதலில் உடைந்தாள். அழுதுகொண்டே, "நீங்க வளையல் தட்டைத் தள்ளினீங்களே, அதுலேர்ந்துங்க. உங்களுக்கு வருத்தமா இருக்கும்னுதாங்க…" என்றாள்.

பேகம் ஜோதியம்மாளைப் பார்த்தாள். "நீயுமா?"

"நான் ஒண்ணும் செய்யலை. தடுக்கவும் இல்லை" என்றாள் ஜோதியம்மாள். "ஆனா மனசு கேக்கலை. அதான் எறங்கினதை எண்ணச் சொன்னேன். எண்ணினா என்னைக்காவது உனக்கே தெரியும்னுதான் சொன்னேன்."

பேகத்தின் குரல் எப்போதும் தெரு முனை வரை போகும் என்று சொன்னோமே, அன்று அது அறைக்கு வெளியே போகவில்லை. "ரெண்டு வருஷமா ஜெயிச்சேனே. அதுல ஒண்ணாவது நானா ஜெயிச்சது இருக்குதா?"

ஜோதியம்மாள்தான் சொன்னாள்: "இருக்கும். ஆனா எதுன்னு எங்களுக்கே தெரியாது."

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேகம் கத்தவில்லை. எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று பேரும் மழையில் இறங்கிப் போனார்கள்.

ராத்திரி மக்பூலிடம்தான் கொட்டித் தீர்த்தாள். அவர்கள் வீட்டில் பேசுவது உருது. இங்கே நம் தமிழில் சொல்கிறோம். "கொழந்தைங்க வெளையாட்டுல ஒப்புக்குச் சப்பாணின்னு ஒண்ணை வெச்சுக்குவாங்களே, அடிச்சாலும் அவுட்டு இல்ல, புடிச்சாலும் அவுட்டு இல்ல, ஓரமா ஓடிக்கிட்டிரும்பாங்களே, அப்படி என்னை வெச்சிருந்திருக்காளுங்க. நாப்பத்தெட்டு வயசுல! நான் என்ன பைத்தியமா? இல்ல நோயாளியா? என்னைத் தோக்கடிச்சா நான் செத்தா போயிடுவேன்?"

"விடு பேகம். உன் மேல இருக்கிற பிரியம்தான்" என்றார் மக்பூல்.

"பிரியமா? பயம்! பயத்துக்குப் பிரியம்னு பேரு வெக்காதீங்க." சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். அவரை உற்றுப் பார்த்தாள். "நீங்க எத்தினி நாளா விட்டுக் குடுக்கறீங்க?"

மக்பூல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நிக்காஹ் ஆன மூணாம் நாள்லேர்ந்து" என்றார்.

அவர் உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மைக்கு அன்றைக்கு அவர் தட்டில் ரசம் விழவில்லை.

சரக்கு அறை பூட்டிக் கிடந்தது. கஸ்தூரி இரண்டு முறை வந்து கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். பேகம் நிமிரவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் தெருவுக்கே தெரிந்தது. அவள் யாரையும் திட்டுவதில்லை. டீயில் நுரை மட்டும் வந்தது; குடித்துவிட்டுக் கிளாஸைக் கொடுத்தாள். ஒரு பெண் சைஸைப் பொய் சொன்னாள். சொன்ன சைஸையே போட்டு அனுப்பினாள். திட்டினால் என்ன, யார் காதில் விழப்போகிறது என்று ஆகிவிட்டது அவளுக்கு. தெருக்காரர்கள், "பாயம்மா சாந்தமாயிட்டாங்க, அண்ணாமலையார் புண்ணியம்" என்று பேசிக்கொண்டார்கள். மூடர்கள்!

கார்த்திகைக்குப் பந்தல் போட ஆரம்பித்த சமயம் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு மத்தியானம், நடை சாத்துகிற நேரம், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ராஜகோபுர வாசலுக்கு விடுவிடென்று நடந்தாள். தங்கம்மாள் மிச்சப் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏந்திரி. வா. வந்து ஆடு."

"எதுக்கு பாயம்மா? வேணாம், விடுங்க."

"விடுங்க விடுங்கன்னு எல்லாரும் சொல்லுங்க. எனக்கு எதைத்தான் விட்டுக் குடுக்க மாட்டீங்க? உன் ஜெயிப்பை நீ என்கிட்ட பிச்சை போட்டே இல்ல, அதை வந்து திருப்பி எடுத்துக்க."

தங்கம்மாள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தரையில் டங்கென்று வைத்தாள். அவளுக்கும் வாய் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "பிச்சையா? யாரு பிச்சை போட்டது? நீ கேக்காமயா வாங்கினே? தோத்தா தட்டை ஒடைக்கறது, கதவைப் பூட்டறது, ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறது. உன்னைக் கண்டு நாங்க நடுங்கணும், ஆனா நடுங்கறது உனக்குத் தெரியக் கூடாது. அதானே உனக்கு வேணும்? நாலு பேரு கூடிச் சிரிச்சுட்டுப் போற எடத்துல எவளால உன் கோவத்தைத் தினமும் சுமக்க முடியும்? பொய்யா தோக்கறது எங்களுக்கு மட்டும் இனிக்குதா? ரெண்டு வருஷமா நல்ல சீட்டை வெச்சுக்கிட்டு நாசமாக்கினேன். வயிறு எரிஞ்சு போச்சு எனக்கு!"

சுண்டல்காரன் நின்றுவிட்டான். செருப்புப் பார்த்துக்கொள்கிறவன் எழுந்து வந்தான். ஊரே பயப்படுகிற பாயம்மாவை ஒரு பூக்காரி நடு வாசலில் வைத்து 'நீ' என்று பேசுகிறாள். பேகத்தின் மூக்கு நுனி சிவந்து துடித்தது. என்ன நடக்கப் போகிறதோ என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒடைச்சது தப்பு" என்றாள் பேகம். அதைக்கூட அதட்டித்தான் சொன்னாள். "நீ பண்ணதும் தப்பு. வர்றியா இல்லியா?"

"வர்றேன். ஆனா இன்னைக்கு நான் ஜெயிச்சா வாய்விட்டுச் சிரிப்பேன். சொல்லிட்டேன்."

"சிரி. பல்லு சுளுக்கற அளவுக்குச் சிரி."

கஸ்தூரியைத் தையல் மிஷினிலிருந்து எழுப்பினார்கள். ஜோதியம்மாளுக்குச் சொல்லி அனுப்பியதும் அவள் சீட்டோடு ஓடிவந்தாள். சரக்கு அறையில் பாயை விரித்தார்கள். கஸ்தூரி உட்காருவதற்கு முன் ஓசைப்படாமல் குனிந்து, பேகத்தின் பக்கத்திலிருந்த வளையல் தட்டை எடுத்து அலமாரி மேல் வைக்கப் போனாள்.

"எடுத்த எடத்துல வை" என்றாள் பேகம்.

கஸ்தூரி வைத்தாள்.

முதல் ஆட்டத்தில் பேகம் பதினேழு கேட்டாள். பழக்கதோஷம், கையில் இருந்த சீட்டுக்குப் பதினாலே ஜாஸ்தி. தங்கம்மாள் வெட்டினாள். இரக்கமே இல்லாமல் வெட்டினாள். பேகத்தின் ஆஸ் போயிற்று, ஒன்பது போயிற்று, ஆசையாகக் கடைசிக்கு வைத்திருந்த பத்தும் போயிற்று. தங்கம்மாள் சொன்னபடி சிரித்தாள். சரக்கு அறைக் கூரை அதிருகிற சிரிப்பு. "ஆஸை எறக்கிட்டு எம்மூஞ்சியை ஏன் பாக்கறே? இன்னும் விட்டுக் குடுப்பேன்னு நெனச்சியா?"

இரண்டாவது ஆட்டம். பேகம் கவனமாகக் குறைத்துக் கேட்டாள். அதிலும் தோல்வி. மூன்றாவதில் அவளும் ஜோதியம்மாளும் ஏலமே கேட்கவில்லை. கஸ்தூரி கேட்டாள், கண்ணீர்க்காரி கஸ்தூரி, இருபது கேட்டாள், எடுத்தும் காட்டினாள். எடுத்த பிறகு பயந்துபோய்ப் பேகத்தைப் பார்த்தாள். பேகத்தின் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. "என்ன பாக்கறே? ஜெயிச்சா ஜெயிச்சேன்னு சொல்லேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினாள். தெரு முனை வரை கேட்டிருக்கும். கஸ்தூரி மெல்ல, "ஜெயிச்சேங்க" என்றாள்.

நாலாவது ஆட்டத்தில் பேகம் பதினைந்து கேட்டுப் பதினாலு எடுத்தாள். ஒரு புள்ளியில் போயிற்று. கடைசிப் பிடியில் தப்பான சீட்டை வைத்திருந்தது அவளுக்கே தெரிந்தது. எண்ணிக்கொண்டே வந்தவள் நடுவில் கோபத்தில் கணக்கை விட்டுவிட்டாள். சீட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு புஸ்புஸ்ஸென்று வந்தது. தங்கம்மாள்கூடச் சிரிக்கவில்லை.

கோயிலில் நடை திறக்கிற மணி அடித்தது. கடையில் பெண்கள் குரல் கேட்டது. திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். "பாயம்மா எங்க? அவங்க கையால போட்டுக்கத்தான் வந்தோம்." மக்பூல் இங்கே எட்டிப் பார்த்து, "பேகம், நெறைய பேரு வந்திருக்காங்க" என்றார்.

பேகம் எழுந்தாள். ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஜோதியம்மாள் சீட்டை அடுக்க ஆரம்பித்தாள். கஸ்தூரி புடவையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பேகம் கடைக்கும் அறைக்கும் நடுவில் இருந்த கதவு வரை போனாள். "கடை மூடியாச்சு, நாளைக்கு வாங்க!" என்று வெளியே பார்த்து ஒரு சத்தம் போட்டாள். மக்பூலின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். உள்தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜோதியம்மாளின் கையிலிருந்த சீட்டுக் கட்டைப் பிடுங்கித் தங்கம்மாளின் முன்னால் தள்ளினாள்.

"போடு."